ஓடாமல் இருந்ததற்கு ஒரு மெடல்

கன்னிவாடியில் என் பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறக்க ஒரு பகல் பொழுது பூராவும் ஆயிற்று. காரணம், அதில் தொங்கிய திண்டுக்கல் பூட்டு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து மாங்காய்ப் பூட்டு, பார்க்க மாங்காய் மாதிரிதான் இருக்கும். சாவி இல்லாமல் மட்டும் கனியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவித்தார்கள். சாவி தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கு எந்தக் குறியீடும் இல்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்து, கருமாதியும் முடிந்தாயிற்று. சாவியை எங்கே வைத்தேன் என்று சொல்லாமலே போய்விட்டார். கடைசியில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒருத்தர் பைக்கில் வந்து, நாலு மணி நேரம் போராடி, மூன்று டீ குடித்து, பூட்டை அறுத்தே எடுத்தார்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்தவனுக்கு எங்கள் ஊரில் இரண்டு உத்தியோகம் நிச்சயம். ஒன்று, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது. இன்னொன்று, பாகம் பிரிக்கும்போது நடுவில் உட்காருவது. பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லுபடியாகாது.

பெட்டிக்குள் குறைந்தபட்சம் இரண்டு புட்டியாவது கேன்டீன் ரம் இருக்கும் என்று சின்ன அண்ணனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. திறந்தால்... ஒரு ஜோடி பூட்ஸ், காய்ந்துபோன பாலீஷ் டப்பா, ஒரு கம்பளி, ரப்பர் பேண்ட் போட்ட இன்லண்ட் லெட்டர் கட்டு, சிவந்து பழுத்த டிஸ்சார்ஜ் புத்தகம். அடியில், துவாலையில் சுற்றி, கலர் கலராய் ரிப்பன் கட்டின மெடல்கள் ஆறு. ஒரே கம்பியில் வரிசையாக.

பெரியப்பாவுக்கு ஊரில் பட்டப்பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயரை, கன்னிவாடி மலையடிவாரத்தில் ஒரு ஹவில்தாருக்கு வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் தெருவில் நடந்தால் கோலிக்குண்டு ஆடுகிற பையன்கள் காணாமல் போவார்கள். ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டால் ஆறு மெடலையும் குத்திக்கொண்டு வருவார். நாங்கள் சுற்றி நின்றால், கடைசி மெடலைத் தொட்டுக் காட்டி, "இது லேசுல கெடைக்காதுடா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். மிச்சத்தை ஊரே எழுதிக்கொண்டது. பாகிஸ்தான்காரன் டாங்கிக்கு முன்னால் தனியாக நின்றார் என்று ஒரு கோஷ்டி. டாங்கியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று இன்னொரு கோஷ்டி. நான் டாங்கி கோஷ்டி.

"தம்பி, ஜெர்மனில நூத்தம்பது எரநூறு வருசத்துக்கு முன்னாடி பட்டாளத்தானுகளுக்குக் குடுத்த மெடலு இப்ப பெரிய வெலைக்குப் போகுதாமே? இதுவும் பட்டாளத்து மெடல்தானே, என்னா தேறும்?" என்றார் பெரிய அண்ணன். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர். ஏற்றுமதி வாடை உண்டு.

சின்ன அண்ணன் அதற்குள் பஜாரில் ஒரு நகைக்கடைக்கு ஓடி, உரசிப் பார்த்துவிட்டே வந்துவிட்டார். "வெள்ளி கூட இல்லியாம்ண்ணே!" என்று முகத்தைத் தொங்கப் போட்டார். உண்மைதான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் கொடுக்கிற இந்த ரக மெடலெல்லாம் செம்பும் நிக்கலும் கலந்தது. வெள்ளைக்காரன் கொடுத்ததில் பல அசல் வெள்ளி. அதுவே அவற்றுக்கு எமனாயிற்று. பேரன் பேத்தி காலத்தில் அரைஞாண் கொடியாகவும் கொலுசாகவும் மாறிய மெடல்களுக்குக் கணக்கில்லை. நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1980 ஜனவரியில் வெள்ளி விலை தறிகெட்டு ஏறியபோது, இங்கிலாந்திலேயே முதல் உலகப் போர் மெடல்களைக் குவியலாக உருக்கிக் காசாக்கினார்கள். அந்த வகையில் பெரியப்பாவின் மெடல் பிழைத்தது, மட்டமான உலோகமாகப் பிறந்த புண்ணியத்தால்.

"சரி தம்பி, எந்த மெடலு எந்தச் சண்டைக்கு? அதைப் படிச்சுச் சொல்லு. அதை வச்சு வெலை கேப்போம்."

டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்தேன். 1963-ல் சேர்ந்தது, 1985-ல் வெளியே வந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட். மெடல்களின் பட்டியலும் இருந்தது. பாங்க் பாஸ்புக்கையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பார்ப்போமே, அது மாதிரி ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். ரக்ஷா மெடல்: 1965 யுத்த சமயத்தில் சர்வீஸில் இருந்ததற்கு. சங்கிராம் மெடல்: 1971-க்கு அதே மாதிரி. சைன்ய சேவா மெடல்: கஷ்டமான இடங்களில் வேலை பார்த்ததற்கு. 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு ஒன்று. அன்றைக்குப் பட்டாளத்தில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தது. ஒன்பது வருஷ சர்வீஸுக்கு ஒன்று. ஆக ஐந்து.

கடைசி மெடல்... "லேசுல கெடைக்காதுடா" மெடல்... இருபது வருஷ சர்வீஸுக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாங்கி எங்கே? நான் இரண்டு தடவை டிக்கை அழித்து அழித்துப் பார்த்தேன். வித்தியாசம் வரவில்லை. ஐந்தொகை கச்சிதமாக டேலி ஆகிறது. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்ததற்கு, பட்டாளத்தில் இருந்ததற்காகவே, ஒரு மெடல்.

இரண்டு அண்ணன்மாரும் என் வாயையே பார்க்கிறார்கள். நிலைப்படியில் பெரியம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறது. கருமாதி முடிந்த வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் அப்பா எந்த டாங்கியையும் மறிக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆகவே, பத்திரிகைக்காரன் புத்தியைக் காட்டினேன். சுற்றி வளைத்தேன்.

"அண்ணே, நீங்க சொன்ன ஜெர்மன் மெடல் கதையைக் கேளுங்க..."

ஜெர்மனி என்று ஒரே தேசம் 1871 வரைக்கும் கிடையாது. பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி என்று தனித்தனி ராஜ்யங்கள். நம் பக்கத்துப் பாளையங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். (கன்னிவாடியே ஒரு பாளையம்தான்.) பிரஷ்யா ராஜா மூன்றாம் ஃப்ரெடரிக் வில்லியம் 1825 ஜூன் 18-ந் தேதி ஒரு உத்தரவு போட்டார். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று அன்றைக்குச் சரியாகப் பத்து வருஷம். சண்டை ஓய்ந்துவிட்டது. சண்டை இல்லாவிட்டால் வீரத்தைக் காட்ட வழி இல்லை. வீரம் இல்லாவிட்டால் மெடல் இல்லை. மெடலும் இல்லாமல் வெறும் பரேடுக்காக ஒருத்தன் எத்தனை வருஷம் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பான்? ராஜா யோசித்தார். ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு இரும்பு, பதினைந்து வருஷத்துக்கு வெள்ளி, இருபத்தோரு வருஷத்துக்குத் தங்க முலாம். அது வட்டமான மெடல்கூட இல்லை. பெல்ட் பக்கிள் போல நீளச் சதுரமாக ஒரு சட்டம், நடுவில் ராஜாவின் இனிஷியல், நீல ரிப்பன். ஆபீசர்களுக்கு இருபத்தைந்து வருஷம் முடிந்தால் சிலுவை வடிவத்தில் ஒன்று.

மற்ற ஜெர்மன் ராஜ்யங்களும் ஆளுக்கொரு மெடல் போட்டன. குட்டி ராஜ்யம் என்றால் பட்டாளமும் குட்டி. அதில் இருபது வருஷம் தாக்குப் பிடித்தவன் கையளவு. அதனால்தான் இன்றைக்கு அது அபூர்வம், அதனால்தான் விலை. நம் ராணுவம் பெரிசு. இருபது வருஷக்காரர்கள் லட்சக்கணக்கில். சப்ளை அதிகமானால் விலை விழும் என்பது பி.காம். முதல் வருஷப் பாடம்.

"அப்ப வெலை போகாதுங்கிற" என்றார் பெரிய அண்ணன்.

"போகாதுண்ணே."

வெள்ளைக்காரன் 1830-ல் ஆரம்பித்தான். நாலாம் வில்லியம் ராஜா காலம். 'நெடுநாள் சேவைக்கும் நன்னடத்தைக்கும்' என்று பெயர். காலாட்படைக்கு 21 வருஷம், குதிரைப்படைக்கு 24 வருஷம். குதிரைக்காரனுக்கு ஏன் மூன்று வருஷம் கூட என்று குதிரையைத்தான் கேட்க வேண்டும். நன்னடத்தை என்றதும் இங்கிலீஷ் சோல்ஜர்களே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் செய்த தப்பெல்லாம் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு மெடல் என்பது அவர்கள் பாரக்ஸில் பரம்பரையாக ஓடுகிற ஜோக்.

நம்மவர்களுக்கு? கிழக்கிந்தியக் கம்பெனி 1837-ல் 'ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' என்று ஒன்று வைத்தது. நீண்ட, விசுவாசமான சேவைக்கு. சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய ஆபீசர்களுக்கு மட்டும். முதல் வகுப்பு என்றால் 'சர்தார் பகதூர்' பட்டம், தினம் இரண்டு ரூபாய். இரண்டாம் வகுப்பு 'பகதூர்', தினம் ஒரு ரூபாய். இதைக் கழுத்தில் தொங்கவிட முதலில் ஆகாய நீலத்தில் ரிப்பன் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அதைக் கருஞ்சிவப்பாக மாற்றிவிட்டார்கள். ஏன் தெரியுமா? நம் சுபேதார்கள் தலையில் வைத்த எண்ணெய் வழிந்து ரிப்பன் அழுக்காகிவிட்டதாம்! சாம்ராஜ்யத்தையே ஆண்டவர்கள் ஒரு கரண்டி எண்ணெய்க்குப் பணிந்த ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும்.

சாதா சிப்பாய்க்கு அதுவும் கிடையாது. 1758-ல் ஒழுங்காகப் படை திரட்ட ஆரம்பித்த மெட்ராஸ் பட்டாளத்தில், ஒரு சாதாரண சிப்பாயின் 'நெடுநாள் சேவை'க்கு என்று மெடல் வந்தது 1888-ல். நூற்று முப்பது வருஷம்! விக்டோரியா மகாராணி தலை போட்டு, 'கைசர்-இ-ஹிந்த்' என்று பட்டம் பொறித்திருந்தது. ரோமாபுரி சீசர்தான் ஜெர்மனியில் கெய்சர், டெல்லியில் கைசர். பின்பக்கம் தாமரைப் பூ அலங்காரம். கூடவே அதே 'நன்னடத்தை'.

நன்னடத்தை யார் கணக்கில் என்பதும் ஒரு கேள்விதான். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில், தாடியை எடு, திருநீறு நாமம் கூடாது, இந்தப் புதுத் தொப்பியை மாட்டு என்று சொன்னபோது எழுந்த சிப்பாய்களுக்கு எவனும் நன்னடத்தை சர்டிபிகேட் கொடுக்கவில்லை. பீரங்கி வாயில் கட்டினான்.

மெடல் வந்த நேரத்தைப் பாருங்கள். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் பட்டாளத்துக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்கள் போர் ஜாதி இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். வடக்கே ஆள் எடுத்தார்கள், இங்கே ஒவ்வொரு பட்டாலியனாகக் குறைத்தார்கள். சிப்பாய்க்கு நெடுநாள் சேவை மெடலைக் கொடுத்துவிட்டு, சேவை செய்ய இடத்தை எடுத்துக்கொண்டார்கள். 1928-க்குள் மெட்ராஸ் காலாட்படை ரெஜிமெண்டையே சிக்கனம் என்று சொல்லிக் கலைத்தாயிற்று. நூற்று எழுபது வருஷ சர்வீஸுக்கு ரெஜிமெண்டுக்குக் கிடைத்த மரியாதை அது. இரண்டாம் உலக யுத்தம் வந்து ஆள் பஞ்சம் என்றதும், வாங்கப்பா என்று மறுபடி கூப்பிட்டார்கள். நம் ஆட்களும் போனார்கள்! அந்த வழியில் வந்ததுதான் பெரியப்பாவின் ரெஜிமெண்ட்.

மூச்சு வாங்கினேன். இதற்கு மேல் சுற்ற என்னிடம் சரித்திரம் கையிருப்பு இல்லை.

"எல்லாஞ் சரி தம்பி" என்றார் சின்ன அண்ணன். "அப்பாவுக்கு அந்தக் கடைசி மெடலை எதுக்குக் குடுத்தான்? அதைச் சொல்லாம ஜெர்மனிக்குப் போயி, வேலூருக்குப் போயி..."

நான் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மூடினேன். திறந்தேன். அட்டையைத் துடைத்தேன்.

"இருவது வருசம் ஓடாம இருந்ததுக்கு" என்று குரல் வந்தது. பெரியம்மா! இடிப்பு நின்றிருந்தது. "அதைச் சொல்றதுக்கு ஏய்யா இவனை இந்தப் பாடு படுத்துறீக?"

மூன்று பேரும் திரும்பினோம்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? கல்யாணம் ஆன மறுவருசம், அறுவத்தேழுல லீவுக்கு வந்தாக. ரெண்டு மாச லீவு. லீவு முடிஞ்சும் போகல. எட்டு நாளு, பதினஞ்சு நாளுன்னு ஓடுச்சு. கேட்டா, நான் போகல, ஒரே குளுரு, ரொட்டி எறங்கல, அவிங்க பேசுறதும் வெளங்கல, இங்கயே கடலையைப் போட்டுக்கிட்டுக் கெடக்கேன்னாக. தந்தி வந்துச்சு. ஒங்க தாத்தாவுக்கும் மகன் போறது இஷ்டமில்ல. தந்தியை வாங்கிக் கூரையில சொருகிட்டாரு. நான் அதை எடுத்துட்டுப் போயி வாத்தியாருகிட்டப் படிக்கச் சொன்னேன். உடனே திரும்பணும், இல்லாட்டிப் பிடிச்சுட்டுப் போக ஆளு வரும்னு எழுதியிருந்துச்சு. இவன் அப்ப வயித்துல." பெரிய அண்ணனை வெற்றிலைக் காம்பால் சுட்டியது. "மழை இல்லாத வருசம். கடலையை நம்பி என்னாத்த வளக்குறது? எங்கப்பன் சீரா குடுத்த கெடாய் ஒண்ணு இருந்துச்சு. அதைச் சந்தையில வித்தேன். டிக்கெட்டு எடுத்துக் குடுத்து, திண்டுக்கல் ஸ்டேசன் வரைக்கும் நானே கூடப் போனேன். வழியில எறங்கிருவாகன்னு பயம். ரயிலு கெளம்பி, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையுற வரைக்கும் நின்னேன்."

"அங்க போயி?"

"என்னா, தண்டனைதான். கொஞ்ச நாளு உள்ள வச்சாகளாம். மூட்டையைத் தூக்கிட்டு ஓடு ஓடுன்னு ஓட விட்டாகளாம். அதுக்கப்புறம் ஓடல."

யாரும் பேசவில்லை. எனக்குக் கை சும்மா இருக்காது. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 22 வருஷம். வருஷத்துக்கு 2 மாசம் லீவு. மொத்தம் 44 மாசம். மூன்று வருஷம் எட்டு மாசம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வீட்டுக் கூரைக்கு அடியில் இருந்தது அவ்வளவுதான். அந்த லீவு கட்டான வருஷங்களும் இருந்திருக்கும்.

"இது லேசுல கெடைக்காதுடான்னு அவுக சொல்றப்பல்லாம் என்னையத்தான் ஓரக்கண்ணால பாப்பாக" என்றது பெரியம்மா. "ஊரு என்னடான்னா பாகிஸ்தான்காரனைச் சொல்றாகன்னு நெனச்சுக்கிருச்சு. சரி, நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

பெரிய அண்ணன் தொண்டையைக் கனைத்தார். பாகம் என்று உட்கார்ந்த பிறகு பிரித்துத்தானே ஆக வேண்டும். "அப்ப... மெடலு யாரு பங்கு?"

"கெடாயி யாரோடது?" என்றது பெரியம்மா.

நான் நோட்டில் எழுதினேன். மெடல், ஆறு. பெரியம்மா. மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கிடாய் என்று போட்டேன். ஆடிட்டர் யாரும் கேட்டால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

பெரியம்மா மெடல் கம்பியை வாங்கி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. இங்கிலீஷில் நம்பர், ரேங்க், பெயர் வெட்டியிருக்கிற இடம். "இதுல அவுக பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டது. கையைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்தேன். இரண்டு தரம் தடவிவிட்டு, முந்தியால் துடைத்து, துவாலையில் பழையபடி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தது. புளி போட்டு விளக்கலாமா என்று கேட்டது. ரிப்பன் வீணாகிவிடும், வேண்டாம் என்றேன்.

"ஏய்யா, சாயங்காலம் திண்டுக்கல்லுதானே போற? ஒரு பூட்டு வாங்கிக் குடுத்துவிடு. மாங்காய்ப் பூட்டே வாங்கு. சாவி ரெண்டு இருக்கான்னு பாத்து வாங்கு."